வாதாம் இலை மேடு

பூலிங்கம் அண்ணாச்சி சொன்னது பொய் என்று பாளையங்கோட்டையில் அந்தக் காம்பவுண்டு வீட்டுக்காரர்கள் யாரும் நிரூபித்ததில்லை. நிஜம் என்றும் யாராலும் நிரூபிக்க முடிந்ததில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. எதிர்வீட்டு இசக்கி மண்வெட்டியோடு வந்து நின்றார். புதிதாகக் கார் வாங்கியிருக்கிறார், நாளைக்கு வருகிறது. அதை நிறுத்த முற்றத்தில் ஒரே இடம்தான், வாதாம் மரத்தடி. அங்கேதான் பூலிங்கம் எட்டு மாதமாக உதிர்ந்த இலையும் சாணமும் மண்ணும் அடுக்கடுக்காகப் போட்டுத் தோட்டத்துக்கு மேடு கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மாதம் போனால் அவ்வளவும் மக்கி மண்ணாகிவிடும். இப்போது வாரிக் கொட்டினால் பாடுபட்டதெல்லாம் வீண். பூலிங்கம் மேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். பதற்றத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"வாரும் இசக்கி. வெட்டுததுன்னா வெட்டும். கையை மட்டும் உள்ள விட்டுராதேயும். சூடு."

"குப்பை மக்குனா சூடாத்தான் இருக்கும். இதுல என்ன அதிசயம்?"

"போன மாசம் எங்க வீட்ல கேஸ் தீந்துட்டு. மூணு நாளும் இட்லி இதுலதான். கொப்பரையைப் புதைச்சா அஞ்சு நிமிஷம். ஒருநா ஆறு நிமிஷம் விட்டுட்டேன், இட்லி கருகிட்டு."

மாடி வீட்டு மதுரம் டீச்சர் துணி காயப்போட வந்தவர், கொடியருகே நின்றுவிட்டார். கேட்க இன்னொரு ஆள் சேர்ந்ததும் பூலிங்கத்துக்குத் தெம்பு வந்துவிட்டது.

"உசரமும் நம்ம சொல்லுக்கு நிக்கல. ஆடியில இடுப்பளவு. ஐப்பசி மழைக்குப் பொங்குச்சு பாரும், மாடி ஜன்னல் வரைக்கும் ஏறிட்டு. ஜன்னல் வழியா கையை நீட்டிக் கத்திரிக்கா பறிக்கலாம்."

"அண்ணாச்சி, அது எங்க வீட்டு ஜன்னல். நான் பாக்கலையே?" என்றார் டீச்சர்.

"நீங்க பள்ளிக்கூடம் போயிருந்தீங்க. சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் தானா அமுங்கிரும்."

அந்த மேட்டில் இதுவரை காய்த்தது கட்டைவிரல் அளவில் ஒரே ஒரு கத்திரிக்காய். பூலிங்கம் அதை மறைத்துக்கொண்டுதான் நின்றார்.

இசக்கி மண்வெட்டியை ஓங்கினார்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிட்டு வெட்டும்," பூலிங்கம் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார். "என் மண்வெட்டியை ஒருநா இதுல குத்திவச்சிட்டு மறந்துட்டேன். விடிஞ்சு பாக்கேன், பிடி பதினோரு அடி. துளிர் விட்டிருக்கு. சரி, மரம்தானே, வளரட்டும்னு பாத்தா, இரும்பும்லா வளந்திருக்கு! முறம் மாதிரி ஆயிட்டு. தூக்க நாலு ஆளு வந்தானுவ."

"இப்ப எங்க அந்த மண்வெட்டி?"

"அதான் நாலு ஆளு தூக்கிட்டுப் போனானுவன்னு சொல்லுதேன்லா."

டீச்சர் ஈரத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டார். இசக்கி சிரிக்கவில்லை. மேட்டைப் பார்த்தார். அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிற மனிதரைப் பார்த்தார். மண்வெட்டியை மெதுவாகத் தோளில் போட்டுக்கொண்டார்.

"காரைத் தெருவுலயே விட்டுக்கிடுதேன் அண்ணாச்சி."

"ஏன்வே?" பூலிங்கத்துக்கே நம்ப முடியவில்லை.

"இங்க நிறுத்தி, விடியும்போது அது லாரியா நின்னா என்ன செய்ய? எங்கிட்ட கார் ஓட்டத்தான் லைசென்ஸ் இருக்கு."