நாணல்திட்டுக்கு வந்த கயிறு

அகன்ற ஆறு ஒன்றின் நடுவே நாணல்திட்டு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்று அவர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். மொத்தமே முந்நூறு வீடுகள், ஒரு வைத்தியசாலை, சுற்றிலும் வெள்ளரித் தோட்டங்கள். வாள் ஒன்றுகூடக் கிடையாது.

வடகரையில் ஒரு பேரரசு, தென்கரையில் ஒரு பேரரசு. இரண்டுக்கும் இரண்டு வருடமாகப் போர். ஆனால் ஆற்றின் வேகம் அப்படி, எந்தப் படையாலும் தெப்பம் விட்டுத் தாண்ட முடியவில்லை. திட்டுக்காரர்களின் பரிசலுக்கு மட்டும்தான் அந்த நீரோட்டம் பழக்கம். ஆகவே இரண்டு படைகளும் கரையில் நின்றபடி ஒன்றையொன்று ஏசின, அம்பு விட்டன. அம்புகளெல்லாம் தண்ணீரில் விழுந்து திட்டில் ஒதுங்கின. பெண்கள் அவற்றைப் பொறுக்கி வந்து அவரைக்கொடிக்கு ஊன்றினார்கள். இரண்டு வருடமும் அவரை நன்றாகவே காய்த்தது.

திட்டின் மந்திரி திருமேனியாருக்கு அறுபத்திரண்டு வயது. நேர்மையானவர். அப்படி நாலுபேர் சொல்லக் கேட்பதிலும் அவருக்குக் கொஞ்சம் ஆசை உண்டு. அவருடைய குரு தவக்கொடி அம்மை அவரைவிட இருபது வயது இளையவர், கிழக்கு மேட்டில் ஆடு மேய்ப்பவர். ஒரு மழைநாளில் அந்தக் குடிசையில் ஒதுங்கியபோது காதில் விழுந்த ஒரு வார்த்தைக்காக மந்திரி அவருக்குச் சீடரானார். அது என்ன வார்த்தை என்று யார் கேட்டும் சொன்னதில்லை.

ஒருநாள் காலை மந்திரி மேடேறி வந்தார். மூச்சு வாங்கியது, ஆனாலும் முகமெல்லாம் சந்தோஷம்.

"அம்மா, நாளை தென்கரைத் தூதர் வருகிறார். அதற்குள் உங்கள் ஆசியை வாங்கிக்கொள்ளலாம் என்று வந்தேன்."

"என்ன காரியம்?"

மந்திரி விவரமாகச் சொன்னார். போன மாதம் வடகரைக்காரர்கள் திட்டின் பரிசலில் ஏறி ஒரு கோரிக்கையோடு வந்தார்கள். காய்ச்சலில் கிடக்கும் தங்கள் வீரர்களைத் திட்டின் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். தெப்பத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போகாமலிருக்க, கரையிலிருந்து திட்டுவரை ஒரு கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு முளை கொடுத்தால் போதும். நோயாளிக்கு எப்படி இல்லை என்பது? மந்திரி சரி என்றார். அதே பரிசலில் கையளவு பருமனில் கயிறு வந்து கட்டப்பட்டது. அதைப் பார்த்த தென்கரைக்காரர்கள் ஓலை அனுப்பினார்கள். நடுநிலை நடுநிலை என்கிறீர்களே, அவர்களுக்கு மட்டும்தான் கயிறா என்று கேட்டிருந்தார்கள்.

"நியாயமான கேள்விதானே அம்மா? அதனால் அவர்களுக்கும் ஒரு முளை கொடுத்துவிடப் போகிறேன். தெற்கே, என் மகள் கனகவல்லியின் வெள்ளரித் தோட்டத்து ஓரத்தில். வடக்குக் கயிற்றை நானே அளந்து பார்த்தேன். தெற்குக் கயிறும் அதே பருமன்தான். முளைகூட அதே மரத்தில் செய்யச் சொல்லிவிட்டேன். இதற்கு மேலும் எங்கள் நடுநிலையை யாராவது குறை சொல்ல முடியுமா?"

"முடியாது," என்றார் அம்மை.

மந்திரிக்கு மனம் குளிர்ந்தது.

"வந்ததுதான் வந்தீர்கள், எனக்கொரு கைகொடுங்கள். நான் ஆற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு வருகிறேன். அதுவரைக்கும் இந்த இரண்டு கிடாக்களையும் பிடித்துக்கொள்ளுங்கள்."

கரியன் என்ற கிடா மேட்டின் ஒரு கோடியில் கட்டிக் கிடந்தது, செவலை மறுகோடியில். அம்மை இரண்டையும் அவிழ்த்துக்கொண்டு வந்து, பக்கத்துக்கு ஒன்றாக நிறுத்தி, கயிறுகளை மந்திரியிடம் கொடுத்தார்.

"ஒன்றுக்கு நீட்டிவிட்டு ஒன்றுக்குக் குறைத்துவிடாதீர்கள். கோபித்துக்கொள்ளும்."

"என்னிடமா சொல்கிறீர்கள்!" என்று சிரித்தார் மந்திரி.

ஒரு பாறைமேல் வசதியாக உட்கார்ந்தார். வலது மணிக்கட்டில் ஒரு கயிறு, இடது மணிக்கட்டில் ஒரு கயிறு. இரண்டையும் நான்கு முழத்துக்கு விட்டார். கிடாக்கள் கொஞ்ச நேரம் புல்லைக் கடித்தன. காற்று இதமாக இருந்தது. கீழே மகளின் தோட்டம் பச்சைப் பசேலென்று தெரிந்தது. இந்த நாட்டுக்கு நம்மைப்போல ஒரு மந்திரி கிடைக்க வேண்டுமே என்று அவருக்குத் தோன்றாமல் இல்லை.

கரியன் தலையைத் தூக்கியது. செவலையும் தூக்கியது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு கயிறு எட்டியமட்டும் பின்வாங்கின.

மந்திரி, "ஏய், ஏய்," என்றார்.

அதற்குமேல் சொல்ல நேரமில்லை. கரியன் இடித்தது அவருடைய விலாவில், செவலை இடித்தது முழங்காலில். தலைப்பாகை ஒரு பக்கம் உருண்டது, மந்திரி மறுபக்கம் உருண்டார். எழப் பார்த்தால் கயிறுகள் இரண்டு பக்கமும் இழுத்தன.

"கயிற்றை விடுங்கள்!" என்று ஆற்றோரத்திலிருந்து அம்மை குரல் கொடுத்தார்.

"விட்டால் ஓடிவிடுமே அம்மா!"

"ஓடட்டும்!"

மந்திரி பல்லால் கடித்து ஒரு முடிச்சை அவிழ்த்தார். இன்னொன்று தானாகக் கழன்றது. கிடாக்கள் பாறையை விட்டு விலகி, சரிவில் இறங்கி, அந்தப் பக்கத்து வெட்டவெளியில் மறுபடி மோதத் தொடங்கின. மந்திரி இருந்த இடத்தில் புழுதி அடங்கியது.

அம்மை குடத்தோடு வந்தார். முதலில் முழங்காலைக் கழுவிவிட்டார். பிறகு குடிக்கக் கொடுத்தார்.

"நான் அவற்றை என்ன செய்தேன் அம்மா?" மந்திரிக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது. "என்னை ஏன் இடிக்க வேண்டும்?"

"உங்களை இடிக்கவில்லை. கரியன் செவலையை இடிக்க வந்தது. செவலை கரியனை இடிக்க வந்தது."

"நான் இரண்டையும் சமமாகத்தான் பிடித்திருந்தேன்."

"நானும் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட வித்தியாசம் இல்லை."

மந்திரி தண்ணீர் குடிப்பதைப் பாதியில் நிறுத்தினார். மேட்டிலிருந்து வடக்கே பார்த்தார். கயிறு அக்கரையிலிருந்து விறைப்பாக வந்து திட்டில் முடிந்தது. தெற்கே பார்த்தார். அங்கே இன்னும் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

"காய்ச்சல்காரர்கள் எத்தனை பேர் வந்தார்கள்?" என்று கேட்டார் அம்மை.

"பதினொரு பேர்."

"தூக்கிக்கொண்டு வந்தவர்கள்?"

"நாற்பது பேர்."

"திரும்பிப் போனவர்கள்?"

மந்திரி குடத்தைக் கீழே வைத்தார். "யாரும் போகவில்லை. நம் ஊர்ச் சாப்பாடு நன்றாக இருக்கிறதாம்."

சொல்லி முடித்ததும் அவருக்குப் பயம் வந்தது. இந்த இரண்டு வருடத்தில் வராத பயம். நாளை தெற்கிலிருந்தும் நாற்பது பேர் வருவார்கள். கனகவல்லியின் தோட்டத்து வழியாக வருவார்கள்.

"நோயாளிகளை என்ன செய்வது அம்மா? அவர்களைத் துரத்த எனக்கு மனம் வராது."

"ஏன் துரத்த வேண்டும்? நம் பரிசலில் எத்தனை பேர் ஏறலாம்?"

"துடுப்புப் போடுகிறவனைத் தவிர நான்கு பேர்."

"நம் ஆளே போய் இரண்டு கரையிலிருந்தும் நோயாளிகளை ஏற்றி வரட்டும். குணமானதும் அவனே கொண்டுபோய் விடட்டும். சாப்பாட்டுக்காகத் தங்கியிருப்பவர்களை இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்."

"அப்படியானால் தெற்குக் கயிறு?"

"வேண்டாம்."

"வடக்குக் கயிறு?"

அம்மை அவருடைய மணிக்கட்டில் பதிந்திருந்த கயிற்றுத் தடத்தைப் பார்த்தார். குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

மந்திரிக்குப் புரிந்தது. மனசு லேசானது. விலா வலித்தது, ஆனாலும் தலைப்பாகையைத் தேடி எடுத்துத் தூசி தட்டிக் கட்டிக்கொண்டார். அரிவாளை யாரிடம் கேட்டு வாங்கலாம் என்று யோசித்தபடியே நாலடி நடந்தவர், சட்டென்று நின்றுவிட்டார்.

"அம்மா, கொடுத்ததை அறுத்துவிட்டோம் என்று வடகரை கோபிக்கும். கேட்டதைத் தரவில்லை என்று தென்கரை கோபிக்கும். இரண்டு பேரின் கோபத்தையும் இந்தச் சின்னத் திட்டு எப்படித் தாங்கும்?"

அம்மை திரும்பிப் பார்த்தார்.

"கோபத்துக்கும் இந்த ஆற்றைத் தாண்டக் கயிறு வேண்டுமே, மந்திரியாரே."