ஒரு கொத்து முடிக்குப் பயந்த சபை

மூங்கில்காட்டில் ஒரு குட்டை. குட்டைக்கு ஒரு ராஜா. ராஜா ஒரு புலி.

அந்தப் புலி ஒன்றும் சண்டை போட்டு ராஜா ஆகவில்லை. அப்பன் ராஜா, அப்பனுக்கு அப்பன் ராஜா, அதனால் இதுவும் ராஜா. தகுதி அவ்வளவுதான்.

காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா நாக்கு நனைத்த பிறகுதான் மற்றவர்கள் குட்டையில் வாய் வைக்கலாம். எப்போதோ ஒரு காலத்தில் விஷக்காய் உதிர்ந்து தண்ணீர் கெட்டு நிறையப் பேர் செத்தார்களாம். அப்போதிருந்த புலி, "முதலில் நான் குடித்துப் பார்க்கிறேன். நான் விழுந்தால் நீங்கள் குடிக்காதீர்கள்" என்றதாம். நல்ல புலிதான். ஆனால் அது செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த விஷமரமும் பட்டுப்போய் விழுந்துவிட்டது. வழக்கம் மட்டும் விழவில்லை.

இப்போதைய ராஜா உச்சிவெயிலில்தான் எழுந்திருக்கும். சோம்பல் முறிக்கும். குட்டையில் இறங்கிக் குடிக்கும். அதிலேயே புரண்டு குளிக்கும். மிச்சமிருக்கும் சேறு மற்றவர்களுக்கு.

ராஜா இருந்த அந்தக் காட்டில் சபையும் இருந்தது. நான்கு கோடைக்கு ஒரு தடவை தேர்தல். யார் பின்னால் வரிசை நீளமாக நிற்கிறதோ அவர் உறுப்பினர். ஐந்து பேர் உட்காரும் சபை. காட்டெருமை தலைவர். கரடி, மந்தி, முள்ளம்பன்றி மூன்றும் உறுப்பினர்கள். சின்னப் பிராணிகளுக்காக ஓர் அலங்கு. அதன் பெயர் சுருளி. உடம்பெல்லாம் செதில். பயம் வந்தால் பந்து மாதிரி சுருண்டுகொள்ளும்.

அந்தக் காட்டுச் சட்டம் ரொம்பச் சுலபம். சபை வேண்டாம் என்றால் ராஜா இல்லை. ஒரே ஒரு நிபந்தனை. உறுப்பினர் பாறை மேல் ஏறி, எல்லார் காதிலும் விழும்படி, தன் வாயால் சொல்ல வேண்டும். மறைவில் முணுமுணுத்தது கணக்கில் வராது.

தேர்தல் சமயத்தில் சுருளி ஒரு புதர் விடாமல் போயிற்று. "என்னை அனுப்புங்க. போன உடனே முதல் வேலை அந்த ராஜா பட்டத்தைத் தூக்கிக் கடாசுறதுதான்" என்றது. முயல் கேட்டது. கீரி கேட்டது. காயாம்பூ என்கிற சருகுமானும் கேட்டாள். முயல் அளவுதான் இருப்பாள். முந்தின கோடையில் குட்டைக்கரையில் காத்திருந்தே தன் மூத்த குட்டியைப் பறிகொடுத்தவள். சுருளி பின்னால் முதல் ஆளாகப் போய் நின்றவள் அவள்தான்.

சுருளி ஜெயித்தது. பதவி ஏற்கிற அன்று ராஜாவின் வாலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"என்னண்ணே இது?" என்றாள் காயாம்பூ.

"ஒரு மரியாதைக்கு. உள்ள போறதுக்கு இதெல்லாம் செய்யணும்."

அப்புறம் மூன்று கோடை போயிற்று. சுருளி உள்ளேயேதான் இருந்தது.

நான்காவது கோடை கொடுமையாக வந்தது. ஓடை காய்ந்தது. ஊற்று காய்ந்தது. குட்டை ஒன்றுதான் மிச்சம். விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை காடே கரையில் காத்துக் கிடந்தது. தண்ணீர் பத்தடி தூரத்தில் பளபளத்தது. ராஜா குறட்டை விட்டது.

காயாம்பூவுக்கு இப்போது இன்னொரு குட்டி இருந்தது. அது நிற்க முடியாமல் இரண்டு நாளாகத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் சுருளியின் வளைக்கு வந்தாள்.

"அண்ணே, குட்டிக்கு மூக்கு காஞ்சிடுச்சு. மூத்ததுக்கும் இப்படித்தான் முதல்ல மூக்கு காஞ்சது. நாளைக்குச் சபை இருக்கில்ல. சொல்லுவியா?"

சுருளி கரையானை நக்குவதை நிறுத்தியது. "தங்கச்சி, எனக்கு மட்டும் ஆசையில்லையா? என் மனசு உனக்குத் தெரியும். ஆனா பதவியில இருக்கறவன் இதையெல்லாம் வெளிப்படையாப் பேசக்கூடாது. அதுக்குன்னு ஒரு நேரம் இருக்கு."

"எப்ப? குட்டை வத்தின பிறகா?"

"நீ ஒண்ணு. அரசியல்னா அவசரப்படக்கூடாது."

"நான் அரசியல் கேக்கல. தண்ணி கேக்குறேன்."

சுருளிக்கு உறுத்தியது. உறுத்தாமலா இருக்கும்? அவள் போன பிறகு கரையான் இறங்கவில்லை. சரி, மற்ற நாலு பேர் மனசில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று கிளம்பியது.

கரடி புற்றைத் தோண்டிக்கொண்டிருந்தது. சுருளி கேட்டதும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தது.

"தம்பி, எனக்கும் ராஜா வேணாந்தான். எப்பவோ முடிவு பண்ணிட்டேன். ஆனா வெளிய சொன்னா என் பின்னாடி நிக்கிறதுல பாதிப் பேரு கோவிச்சுக்குவான். நம்ம வேலை குட்டையைத் தூர் வாருறது, தடம் போடுறது. அதைப் பாப்போம். நான் இப்படிச் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாத."

மந்தி மரத்தில் இருந்து தலைகீழாகத் தொங்கியபடியே சொன்னது. "வேணவே வேணாம்யா அந்த ஆளு. ஆனா முதல்ல நான் வாயைத் திறக்க மாட்டேன். வேற யாராச்சும் திறந்தா ரெண்டாவதா நான் இருக்கேன்."

முள்ளம்பன்றி கொஞ்சம் யோசித்தது. "வாலைக் கண்ணுல ஒத்திட்டோமே. அதுதான் இடிக்குது. இருந்தாலும் வாக்கெடுப்புன்னு வந்தா வேணாம்னுதான் சொல்லுவேன். யாராச்சும் ஆரம்பிக்கணும்."

காட்டெருமை பெரிய மூச்சாக விட்டது. "தலைவர் பொதுவானவர். நான் ஆரம்பிக்க முடியாது. நீங்க ஆரம்பிச்சா நான் தலையாட்டிருவேன்."

சுருளிக்குத் துள்ளிக் குதிக்கலாம் போல் இருந்தது. ஐந்து பேரில் ஐந்து பேரும் ராஜா வேண்டாம் என்கிறார்கள். ஒருத்தர்கூட எதிரி இல்லை. இவ்வளவு சுலபமான விஷயத்துக்கா மூன்று கோடை வீணாயிற்று? நேராகக் காயாம்பூவிடம் ஓடியது.

"முடிஞ்சிடுச்சு. நாளைக்கு விடிஞ்சதும் ராஜா கதை குளோஸ். நீ குட்டியைத் தூக்கிட்டு வந்திரு."

காயாம்பூ குட்டியை நக்கிக்கொடுத்தாள். அதன் வாலில் ஒரு சின்ன அசைவு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் சபை கூடியது. பாறையைச் சுற்றிக் காடே கூடியது. ராஜா வரவில்லை. ராஜா எப்போதுமே வராது, அந்நேரம் தூங்கும். ராஜாவுக்குப் பதிலாக ஒரு முட்செடி. என்றைக்கோ ராஜா உரசிக்கொண்டு போனபோது சிக்கிய ஒரு கொத்து முடி அதில் இருந்தது. சபை அந்த முடிக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் உட்காரும். அன்றும் வைத்தது.

காட்டெருமை தொண்டையைச் செருமியது. "ராஜா பட்டம் வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறவர் பாறை மேல் ஏறிச் சொல்லலாம்."

கரடி தன் நகத்தைப் பார்த்தது. மந்தி ஆகாயத்தைப் பார்த்தது. முள்ளம்பன்றி ஒரு முள்ளை எண்ணிப் பார்ப்பது போல் பார்த்தது. பிறகு மூன்றும் சேர்ந்து சுருளியைப் பார்த்தன. காடே சுருளியைப் பார்த்தது.

சுருளி பாறை மேல் ஏறியது. அங்கிருந்து பார்த்தால் எல்லாம் தெரிந்தது. குட்டை தெரிந்தது. காயாம்பூவின் காலடியில் குட்டி படுத்திருப்பது தெரிந்தது. இன்றைக்கு அது தலையைத் தூக்கவே இல்லை.

"மாண்புமிகு தலைவர் அவர்களே" என்று ஆரம்பித்தது. "இந்தக் காட்டின் நலனை முன்னிட்டு, நெடுங்காலமாக, பல்வேறு தரப்பினரும்..."

"விஷயத்துக்கு வாண்ணே" என்றது முயல்.

"வர்றேன். அதாவது, ராஜா..."

அப்போது காற்று அடித்தது. பெரிய காற்றுகூட இல்லை. முட்செடியில் இருந்த முடிக்கொத்து லேசாக ஆடியது.

சுருளி படக்கென்று சுருண்டது. பாறையில் இருந்து பந்தாக உருண்டு, கரடியின் காலில் மோதி நின்றது.

புலிக்கில்லை, முடிக்கு. சீவி எறிகிற முடிக்கு ஐந்து பேர் கொண்ட சபை ஒன்று நடுங்கியது. உருண்டது ஒன்றுதான். ஆனால் மற்ற நாலும் அசையவில்லையே. 'முதலில் நான் இல்லை' என்று நாலும் நிம்மதியாக மூச்சு விட்டன. கரடிக்குச் சிரிப்புகூட வந்தது.

"உறுப்பினர் கருத்தை முடித்துக்கொண்டார்" என்றது காட்டெருமை. "இதைப் பற்றி ஆராய ஒரு குழு போடுவோம். அடுத்த மழைக்குப் பிறகு கூடலாம்."

"அடுத்த மழைக்குப் பிறகு தண்ணி எதுக்குங்க?" என்று காயாம்பூ கேட்டாள்.

அவள் குனிந்து குட்டியின் பிடரியைக் கவ்வினாள். திரும்பி நடந்தாள். கூட்டத்தின் நடுவே, எல்லாரும் பார்க்க, நேரே குட்டையை நோக்கி நடந்தாள். அவள் கால்கள் நடுங்கியது எல்லாருக்கும் தெரிந்தது. நடுங்கியபடியேதான் நடந்தாள். குட்டியின் வாயைத் தண்ணீரில் வைத்தாள்.

குட்டி முதலில் அசையவில்லை. பிறகு நாக்கை நீட்டியது. பிறகு குடித்தது. பிறகு இருமிவிட்டு மறுபடியும் குடித்தது.

அந்த நேரம் பார்த்துப் புலி வந்தது. அன்றைக்கென்று சீக்கிரம் முழித்துவிட்டது. கரையில் நின்று கொட்டாவி விட்டது. பிறகுதான் பார்த்தது.

"யார் உன்னை முதலில் குடிக்கச் சொன்னது?"

காயாம்பூ குட்டிக்கு முன்னால் வந்து நின்றாள். "யாரும் சொல்லலைங்க. சொல்லவேண்டியவங்க சொல்லல."

புலி தலையைத் திருப்பியது. பந்தில் இருந்து பாதி பிரிந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சுருளிமேல் கண் பட்டது. "நீ சபைதானே. இவர்களுடைய ஆள்தானே. சொல். இவள் செய்தது சரியா, தப்பா?"

ஒரே ஒரு வார்த்தை போதும். 'சரி' என்று சொன்னால் போதும். ராஜாவே கேட்டுவிட்டதால் பாறை மேல் ஏறக்கூட வேண்டாம், சபை உறுப்பினர் எல்லார் காதிலும் விழச் சொன்னதாகக் கணக்கு. மந்தி இரண்டாவதாக நிற்கும். கரடி நிற்கும். காட்டெருமை தலையாட்டிவிடும். காட்டெருமை ஒரு முட்டு முட்டினால் புலி அடுத்த மலைக்குப் போய் விழும். இதெல்லாம் சுருளிக்குத் தெரியும். எல்லாரையும் கேட்டு வைத்திருந்தது அதுதானே.

"ராஜா," என்றது சுருளி. "ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்கு."

புலிக்கே அசிங்கமாகிவிட்டது போல. முகத்தைச் சுளித்துக்கொண்டு காயாம்பூ பக்கம் திரும்பியது. முன்காலைத் தூக்கியது.

முயல் ஓடி வந்து காயாம்பூ பக்கத்தில் நின்று தண்ணீரில் வாய் வைத்தது. கீரி வந்தது. உடும்பு வந்தது. மிளா மான் வந்து கொம்போடு நின்றது. பன்றிகள் மொத்தமாக இறங்கின. அரை நிமிடத்தில் குட்டைக்கரை முழுக்கத் தலைகள். சளக் சளக்கென்று குடிக்கும் சத்தம்.

தூக்கிய காலோடு புலி கொஞ்ச நேரம் நின்றது. ஒன்றை அடிக்கலாம். இரண்டை அடிக்கலாம். அதற்குள் இத்தனை கொம்பும் இத்தனை பல்லும் என்ன செய்யும்? முட்டாள் இல்லை அந்தப் புலி. சோம்பேறிதான். காலைக் கீழே வைத்தது. சந்து கிடைக்கிற இடம் தேடிக் கரையைச் சுற்றி நடந்தது. இரண்டு பன்றிகளுக்கு நடுவில் தலையை நுழைத்துக் குடித்தது. குடித்துவிட்டுத் தூங்கப் போயிற்று.

ராஜாங்கம் முடிந்தது. இவ்வளவுதான் அது.

சபை அப்புறம்தான் ஓடி வந்தது. "நான் முதல்லயே இதைத்தான் நினைச்சேன்" என்றது மந்தி. "நானுந்தான்" என்றது கரடி. முள்ளம்பன்றி கீரியின் முதுகில் தட்டிக்கொடுக்கப் போக, கீரி தள்ளி நின்றுகொண்டது.

சுருளி காயாம்பூவிடம் போயிற்று. "தங்கச்சி, என் கொள்கையும் இதேதான். உனக்கே தெரியுமில்ல. நேத்தே உங்கிட்ட சொன்னேனே."

"எங்கிட்ட சொன்ன. ஆமா." காயாம்பூ குட்டியை நக்குவதை நிறுத்தவில்லை. "பயந்தது தப்பில்லண்ணே. நானும்தான் பயந்தேன். கால் ஆடினதைப் பாத்திருப்ப. எனக்குப் பயமா இருக்குன்னு தேர்தலப்பவே சொல்லியிருந்தா, நாங்க வேற ஆளை அனுப்பியிருப்போம். இந்தச் சின்னது இப்படிச் சாகக் கிடந்திருக்காது."

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது என்று இதற்குச் சொல்ல முடியாது.

அந்தக் கோடையிலேயே தேர்தல் வந்தது. காயாம்பூ நின்றாள். சுருளியும் நின்றது, வெட்கமே இல்லாமல். காயாம்பூ பின்னால் நின்ற வரிசை மூங்கில் புதரைத் தாண்டிப் போயிற்று. சுருளி திரும்பிப் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை.

ராஜா வேண்டாம் என்று நினைக்கிற மக்கள் பிரதிநிதி அதை மக்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அதற்குத் துணிவில்லாதவன் அவர்களுடைய வாக்கைக் கேட்டு வரவே கூடாது.