தோட்டத்துப் பிள்ளைகள்

தலைமையாசிரியர் கோதண்டபாணி ஐம்பதைத் தாண்டியவர். அவருடைய குரு மெஹருன்னிசா டீச்சருக்கு அவரைவிடப் பதினைந்து வயது குறைவு. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அந்த அம்மாவின் வேலை. பள்ளிக்கூடங்களுக்குப் புதிய தரம் வரப்போகிறது என்று விளக்க நடந்த ஒரு வகுப்பில், சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் கண் சொக்கிக் கிடக்க, இவர் மட்டும் எழுந்து, "இனிமே நான் உங்க மாணவன் டீச்சர்" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், வேறு வேலை இல்லாதவர்கள்.

மாணவன் என்று சொன்னாரே தவிர, குருவிடம் ஒன்றை மறைத்துத்தான் வைத்திருந்தார்.

வாணியம்பாடிப் பக்கம் அவருடைய அரசுத் தொடக்கப்பள்ளி. அதன் தோட்டத்தைப் பாராட்டாத அதிகாரி இல்லை. கத்தரியும் வெண்டையும் அப்படிக் காய்க்கும். எப்படி என்பது பள்ளிக்குள் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறப்பதில்லை. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில், படிக்கத் தெரியாத பிள்ளைகளை வாளியும் கையுமாகத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தெரிந்த பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கணீரென்று ஒப்பிப்பார்கள். அதிகாரியும் மகிழ்ந்து போவார், செடிகளுக்கும் தண்ணீர் கிடைக்கும்.

புதிய தரம் வந்ததும் ஒப்பிக்கிற வேலை எடுபடாமல் போனது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதுவரை பார்க்காத ஒரு பத்தியைத் தானாகப் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். பிள்ளை பிள்ளையாகச் சோதித்துச் செல்போனில் பதிவார்கள்.

சோதனை நாளன்று பஸ்ஸிலிருந்து இறங்கியது மெஹருன்னிசா டீச்சர். இதைக் கோதண்டபாணி எதிர்பார்க்கவில்லை. வேறு யாரோ வருவார்கள் என்று நம்பி, மூன்று பிள்ளைகளைக் காலையிலேயே தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார்.

வகுப்பில் இருந்தவர்கள் தட்டுத்தடுமாறியாவது படித்துவிட்டார்கள்.

"மீதிப் பேர் எங்க சார்?"

"செடிக்குத் தண்ணி ஊத்துறாங்க டீச்சர்."

டீச்சர் வேறொன்றும் கேட்கவில்லை. படிக்கவேண்டிய அட்டையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். இவர் பின்னாலேயே ஓடினார்.

வெண்டைப் பாத்தியின் ஓரத்தில், அந்த மூவரில் ஒருத்தியான மோனிஷா வாளியோடு நின்றிருந்தாள். டீச்சர் அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அட்டையை நீட்டினார்.

"இதப் படிச்சுக் காட்டுறியாம்மா?"

மோனிஷா அட்டையைப் பார்த்தாள். பிறகு தலைமையாசிரியரைப் பார்த்தாள். பெரியவர்கள் ஏதோ தவறு செய்துவிட்டார்கள், நாம்தான் திருத்த வேண்டும் என்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"நான் தோட்டத்துக்குப் போற புள்ள டீச்சர்."

கோதண்டபாணிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. யாரும் சொல்லாமலே இப்போதெல்லாம் அவளே வாளியை எடுத்துவிடுகிறாள் என்பது அந்த நேரம் பார்த்துத்தான் அவருக்கு உறைத்தது.

மற்ற இருவராலும் படிக்க முடியவில்லை. டீச்சர் மூவரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு, அலுவலக அறையில் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், என்னை என்ன வேணா சொல்லுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். தரத்தை மேல தூக்கி வெச்சுட்டாங்க. அதுக்கு எட்டாத புள்ளைங்கள நான் எங்க கொண்டுபோய் வைக்கறது?"

டீச்சர் செல்போனைத் திறந்தார். "எட்டாததுக்குக் காரணம் என்னன்னு இதுல கேக்குது சார். சொல்லுங்க, பதியறேன். மோனிஷா?"

"அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போறவங்க. இவளையும் கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"சரி." டீச்சரின் விரல் அசையவில்லை.

"வீட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் இல்ல."

"சரி."

"உள்ளதைச் சொல்லணும்னா, புள்ளையும் கொஞ்சம் மந்தம் டீச்சர்."

டீச்சர் செல்போனை மேசைமேல் வைத்தார். கைப்பையிலிருந்து தன் மகளின் உருதுப் பாடப்புத்தகத்தை எடுத்து, நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் தள்ளினார்.

"படிங்க சார்."

கோதண்டபாணி சிரித்துவிட்டார். "எனக்கு எப்படி டீச்சர் தெரியும்?"

"பத்து வருஷமா வாணியம்பாடி பஜார்லதான சாமான் வாங்குறீங்க. எத்தனை கடையில உருதுல போர்டு இருக்கு. தினம் பாக்கறீங்களே."

"பாத்தா வந்துடுமா? பக்கத்துல உக்கார வெச்சு ஒருத்தர் சொல்லிக்குடுத்தாதான வரும்?"

"நீங்க கொஞ்சம் மந்தமோ சார்?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல." அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. அவ்வளவுதான்."

டீச்சர் செல்போனை எடுத்துப் பதியத் தொடங்கினார்.

"என்ன போட்டீங்க டீச்சர்?"

"நீங்க சொன்னதைத்தான் சார். 'யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.' மூணு பேருக்கும் அதே."

 பக்கத்து வகுப்பில் யாரோ வாய்ப்பாடு சொல்வது கேட்டது. கோதண்டபாணி நாற்காலியில் சாய்ந்தார். மேலிடத்தில் கேள்வி கேட்பார்கள், பெயர் கெட்டுப்போகும் என்று பயம் வரவேண்டிய இடம் அது. அவருக்கு வந்ததோ நிம்மதி. இத்தனை வருஷமாக ஒவ்வோர் ஆய்வு நாளிலும் வாசலைப் பார்த்துப் பார்த்து வியர்த்தது இனி இல்லை. மூச்சை நீளமாக விட்டார். பிறகு வெட்கப்படாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"டீச்சர், இந்தக் காரணத்தைப் பின்னாடி மாத்த முடியுமா?"

டீச்சர் புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"முடியும் சார். நாளைக்குக் காலையில, முதல் பீரியட்ல, மூணு பேரையும் பக்கத்துல உக்கார வெச்சு."