விடுதலை மன்றத்தில் ஐந்து இருக்கைகள்

கருவேலங்காட்டின் நடுவே ஆழமான குழி ஒன்று இருந்தது. குற்றம் புரிந்த விலங்குகளை அரசனான சிங்கம் அதில் அடைத்து வைக்கும். ஒரு மழைக்காலத்தை ஒழுங்காகக் கழித்தவர்களை முன்கூட்டியே விடுவிக்கலாமா என்று முடிவு செய்ய மூவர் மன்றம் ஒன்றும் இருந்தது. கிழக் கழுகு அதன் தலைவர். கழுதைப்புலியும் நரியும் உறுப்பினர்கள். குழிக்குள் இறந்துபோகும் விலங்கின் உடல் மன்றத்தாருக்கே உரியது என்பது அக்காட்டின் பழைய வழக்கம். அதுவே அவர்களுடைய கூலி.

மருதி என்னும் மான், கோடையில் தாகம் தாங்காமல் அரசனுடைய சுனையில் வாய் வைத்துவிட்டது. தண்டனை மூன்று மழைக்காலம். முதல் மழைக்காலம் முடிந்ததும் அது எலும்பும் தோலுமாய் மன்றத்தின் முன் நின்றது.

“ஐயா, நான் செய்தது பிழைதான். குழியில் ஒருவரோடும் சண்டையிட்டதில்லை. வரும் கோடையை இங்கே தாங்கமாட்டேன்!”

“மழை பெய்தபோது மேலே பார்த்து நாக்கை நீட்டினாயாமே?” என்றது நரி.

“தாகம், ஐயா!”

“கேட்டீர்களா! தாகம் இன்னும் போகவில்லை. இது திருந்தவே இல்லை!” என்றது கழுதைப்புலி.

மனு தள்ளுபடியானது.

இதைக் கேள்வியுற்ற மூத்த பெண் யானை அரசனிடம் சென்றது.

“அரசே! அந்த மன்றம் இதுவரை ஒருவரையாவது விடுவித்ததுண்டா? இரைக்குக் காத்திருப்பவர்களா தீர்ப்புச் சொல்வது? புல் தின்னும் எங்களில் இருவரையும் அமர்த்துங்கள்!”

வயிறு நிறைந்து கிடந்த சிங்கம் கொட்டாவி விட்டது. “சரி, இன்னும் இருவரைச் சேர்ப்போம். இனி ஐவர். போதுமா?”

யானை மண்டியிட்டு வணங்கியது. குழிக்கு ஓடியது. “மருதி! மன்றத்தைத் திருத்திவிட்டோம்! வரும் பௌர்ணமியில் அது மறுபடி கூடும், நீ வெளியே வந்துவிடுவாய்!”

அது சென்றபின் சிங்கம் கழுகை அழைத்தது. “தொழில் தெரிந்தவர் நீர்தானே? அந்த இருவரை நீரே பார்த்து அமர்த்தும்.”

பௌர்ணமியன்று குழியின் விளிம்பில் மன்றம் கூடியது. புதிய இருக்கைகளில் அண்டங்காக்கையும் உடும்பும் அமர்ந்திருந்தன. இரண்டும் பிணம் தின்பவை.

“புல் தின்பவர்கள் எங்கே?” என்று அதிர்ந்தது யானை.

“அவர்களுக்கு மேயவே பொழுது போதவில்லை, அம்மா! உட்கார்ந்து காத்திருக்கப் பழகியவர்கள் வேண்டாமா?” என்றது கழுகு. “முன்பு மூவர் மறுத்தோம். இன்று ஐவர் மறுக்கிறோம். தீர்ப்புக்கு எவ்வளவு வலிமை வந்துவிட்டது, பாருங்கள்!”

குழிக்குள்ளிருந்து மருதி நிமிர்ந்து பார்த்தது. “இவர்களைத் தேர்ந்தெடுத்தது யார், அக்கா?”

“அதை நான் கேட்கவில்லையே, மருதி!”

சித்திரை வெயில் ஏறிய ஏழாம் நாள் மருதியின் மூச்சு நின்றது. ஐவரும் குழிக்குள் இறங்கினர்.

“பங்கு சிறிதாயிருக்கிறதே!” என்று முணுமுணுத்தது காக்கை.

“பொறு! ஐவராகிவிட்டோம், மாதம் ஒரு விலங்கைக் குழியில் அடைத்தால் போதாது என்று அரசரிடம் சொல்லியிருக்கிறேன்,” என்றது கழுகு.

குழியின் விளிம்பில் யானை துதிக்கையைத் தூக்கி நின்றது. எல்லா உயிரிலும் உறையும் இறைவனிடம், தான் கேட்கத் தவறிய அந்த ஒரு கேள்விக்காக மன்னிப்பு வேண்டியது.

அமர்த்துபவரையும், பிறர் அழிவில் வயிறு நிறையும் வழக்கத்தையும் மாற்றாமல் இருக்கைகளை மட்டும் கூட்டும் சீர்திருத்தம், கொடுமைக்குக் கூடுதல் வாய்களையே தரும்.