கேன் இறக்கி வைத்த இடம்

“குருவே, பன்னெண்டும் போச்சு.”

சிகாமணி தலைக்கவசத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். வைத்த வேகத்தில் பேனா உருண்டு கீழே விழுந்தது.

அரசி திரும்பவில்லை. கண்ணாடிக் குடுவையில் தண்ணீர் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீனா சார்?”

“மீன்தான். சனிக்கிழமை விட்டது. இன்னிக்குத் திங்கள். எல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு மிதக்குது.”



லாரி செய்கிற தொழிற்சாலை அது. சிகாமணி அங்கே சுற்றுச்சூழல் மேலாளர். முப்பது வருஷம் சேஸிஸ் பூட்டுகிற பகுதியில் இருந்த மனுஷனை, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கையில் இந்த வேலைக்கு மாற்றிவிட்டார்கள். தண்ணீரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் குடிக்கலாம், குளிக்கலாம் என்பதுதான். மற்றதைச் சொல்லிக்கொடுத்தவள் கழிவுநீர் நிலையத்து ஆபரேட்டர் அரசி. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். முதலில் கேலியாகத்தான் குருவே என்று கூப்பிட்டார். அப்புறம் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அரசி சுத்தம் செய்து விடுகிற தண்ணீரும், மழைக்கால்வாய்த் தண்ணீரும் கடைசியில் ஒரு குட்டையில் போய்ச் சேரும். அங்கிருந்து ஊர் ஏரிக்கு. ஏரிக்குப் போவது நல்ல தண்ணீர்தான் என்பதற்குச் சாட்சியாகக் குட்டையில் மீன் விட்டிருந்தார்கள்.

அந்தச் சாட்சிதான் செத்துச் செத்து மிதந்தது.



“உங்க தண்ணியில குத்தம் உண்டா?”

அரசி குடுவையை அவர் பக்கம் நீட்டினாள். பளிங்காக இருந்தது.

“அப்ப மழைக்கால்வாய்.”

“ம்.”

“பெயிண்ட் துப்பாக்கியைக் கழுவின தின்னரை எவனோ அதுல கொட்டுறான்.”

“ம்.”

“வியாழக்கிழமை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்காரங்க வர்றாங்க. மிதக்கிற மீனைக் கண்டா பெயிண்ட் ஷாப்புக்கு அன்னிக்கே பூட்டு. நானூறு பேர் வீட்டுக்குப் போகணும். நீங்க ம்-முன்னு சொல்லிக்கிட்டு இருக்கீங்க.”

அரசி கீழே கிடந்த பேனாவை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“நான் என்ன பண்ணல, சொல்லுங்க. போர்டு வெச்சேன், மூணு பாஷையில. வகுப்பு எடுத்தேன். தினம் காலையில உறுதிமொழி. கையை நீட்டிக்கிட்டு என்ன அழகா சொல்றானுங்க தெரியுமா? சொல்லி முடிச்சிட்டு நேராப் போய்க் கொட்டுறானுங்க. நான் பெத்த பிள்ளைங்களுக்குக்கூட இத்தனை தடவை புத்தி சொன்னதில்ல.”

“கேட்டாங்களா?”

“யாரு?”

“பிள்ளைங்க.”

சிகாமணிக்குச் சுர்ரென்று வந்தது. சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து விரித்தார்.

“இது வேலைநீக்கக் கடிதம். கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. பேர் எழுதுற இடம் மட்டும் காலி. ஆளைக் காட்டுங்க குருவே. ஒரே ஒரு ஆள். மத்தவன் தானா அடங்குவான்.”

அரசி கடிதத்தை முழுக்கப் படித்தாள். மடித்து அவரிடமே கொடுத்தாள்.

“பெயிண்ட் ஷாப் பின்வாசல்ல ஒரு கேன் தின்னர் நிரம்பி நிக்குது. அதைக் கொண்டுபோய்க் கழிவுக் கொட்டகையில வெச்சிட்டு வாங்க சார். ஆளைக் காட்டுறேன்.”

“நானா?”

அவள் மறுபடியும் குடுவையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.



பின்வாசலில் பெயிண்டர் இருதயராஜ் இருந்தார். மேலாளர் கேனுக்குக் கை நீட்டியதும் பதறிப்போனார்.

“நீங்க எதுக்கு சார்?”

“தள்ளுவண்டி இருக்கா?”

“இருக்கு. ஆனா தின்னரை வண்டியில ஏத்தக் கூடாதே சார். தீப்பிடிக்கும்னு சுற்றறிக்கை.”

“யார் போட்டது?”

இருதயராஜ் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிகாமணி கேனைத் தூக்கினார். இருபது லிட்டர். பிடி வெறும் கம்பி.

கொட்டகை தொழிற்சாலையின் அந்தக் கோடியில் இருந்தது. என்ஜின் பிரிவைத் தாண்டி, சோதனை ஓட்டப் பாதையை வந்து முட்டினால், பாரம் ஏற்றிய டிப்பர் ஒன்று சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது போகிற வரைக்கும் வெயிலில் நின்றார். இடது கைக்கு மாற்றினார். வலது கைக்கு மாற்றினார். மூடி இடுக்கில் கசிந்த தின்னர் காலுறையை நனைத்தது. மணி பதினொன்றரை.

கொட்டகை பூட்டியிருந்தது.

கதவில் ஒரு அறிவிப்பு. மாலை மூன்று முதல் நான்கு வரை மட்டும் திறக்கப்படும். கேனை வெளியே விட்டுச் செல்பவர்மீது நடவடிக்கை எடுக்கப்படும்.

கீழே அவருடைய கையெழுத்து. நல்ல கையெழுத்து அவருக்கு.

பெயிண்ட் ஷாப் முதல் ஷிப்டு இரண்டரைக்கு முடிகிறது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சுவரில் இருந்த போனை எடுத்துத் தன் அலுவலகத்தைக் கூப்பிட்டார்.

“கொட்டகை சாவி வேணும்.”

“மேலாளர் சார் சீட்டுல இல்லீங்க,” என்றான் அவருடைய உதவியாளன். “அவர் இல்லாம தர முடியாது. மூணு மணிக்கு வாங்க.”

“டேய், நான்…”

வைத்துவிட்டான்.



கேனோடு திரும்பி நடந்தார். வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தார். யாரை என்று அவருக்கே பிடிபடவில்லை.

பாதி வழியில் ஒரு புங்கமரம். அதன் நிழலுக்கு வந்ததும் விரல்கள் அதற்குமேல் தாங்கவில்லை. கேனை இறக்கினார். உள்ளங்கையில் கம்பி பதிந்து சிவந்திருந்தது. மூச்சு வாங்கியது. அப்பனே முருகா என்று குனிந்தார்.

குனிந்த இடத்தில் சிமெண்டுத் தரை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை.

மஞ்சள் வட்டம். சிவப்பு வட்டம். மங்கிப்போன நீலம். ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கேனின் அடிப்பாக அளவே இருந்தது ஒவ்வொன்றும்.

வட்டங்களுக்கு ஒரு முழத்தில் இரும்புக் கம்பிச் சட்டம். அதற்கடியில் மழைக்கால்வாய்.

சிகாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசல் இன்னும் தூரம். மூன்று மணி அதைவிடத் தூரம்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது.

இருதயராஜ் தூக்குவாளியோடு அந்த வழியாக வந்தார். மேலாளரைப் பார்த்தார். கேனைப் பார்த்தார். சட்டென்று, எதையுமே பார்க்காத மாதிரி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டார்.

ஏன் இப்படிப் போகிறார் இந்த மனுஷன் என்று சிகாமணிக்கு விளங்கவில்லை.

பிறகு தன் கையைப் பார்த்தார்.

அது கேன் மூடிமேல் இருந்தது. மூடி பாதி திருகித் திறந்திருந்தது.



அதை இறுக்கி மூட அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. கேனைத் தூக்கிக்கொண்டே அலுவலகத்துக்குப் போனார். உதவியாளன் எழுந்து நின்றான். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து கொட்டகைச் சாவியை எடுத்தார். சாப்பாட்டுக் கூடத்தில் இருதயராஜைத் தேடிப் பிடித்து, அவர் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்.

“எப்ப திருப்பித் தரணும் சார்?”

சிகாமணி தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.



கழிவுநீர் நிலையத்துக்கு அவர் வந்தபோதும் கேன் கையில்தான் இருந்தது. அரசி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

“ஆள் அகப்பட்டாரா சார்?”

“அகப்பட்டாரு.”

“பேர் எழுதணுமே. தெரிஞ்சுதா?”

சிகாமணி கடிதத்தை எடுத்துப் பிரித்தார். காலியிடத்தைப் பார்த்தார்.

“இனிஷியலோட தெரியும் குருவே.”