செம்மணல்விளையின் சுத்தமான காத்து

செம்மணல்விளைக்காரங்க காத்தை மூக்கால இழுக்கிறதில்லை, பல்லால மெல்லுவாங்க. ஆடி மாசம், ஊரைச் சுத்தி மணல்மேடாக் கிடக்குற தேரிக்காட்டுச் செம்மண்ணு கிளம்பி ஊருக்குள்ள வந்துச்சுன்னா அப்படித்தான். அந்த மாசம் போர்த்தாத பொருள் ஊருல கிடையாது. தண்ணிக்குடத்துக்கு நனைச்ச துணி, சோத்துப்பானைக்கு நனைச்ச துணி, மோட்டார் சைக்கிளுக்கு நனைச்ச துணி, தொட்டிலுக்கும் அதே துணி. மூக்கும் வாயும் மட்டும் திறந்தே கிடக்கும். அதை மூடணும்னு ஒருத்தருக்கும் தோணினதே இல்லை.

அன்னைக்குக் காலையில ஆஸ்பத்திரி வராண்டாவுல இருபது பேரு இருமிக்கிட்டு உக்காந்திருந்தாங்க. அங்க இருந்த ஆவி வைக்கிற மெஷின் போன ஆடியிலேயே மண்ணைத் தின்னு செத்துப்போச்சு. மூச்சு முட்டினா பதினெட்டு கிலோமீட்டர் பஸ்ஸுல போயித்தான் ஆவி பிடிக்கணும். புதுசு வரும், புதுசு வரும்னு எல்லாரும் காத்துக் கிடக்கையில ஜெசிந்தா சிஸ்டர் ஒரு கடிதாசியோட வந்து நின்னாங்க.

"காத்துல தூசி அளக்குற மெஷின் சொல்லுதபடி நம்ம ஊரு எண் பதினொண்ணாம். பக்கத்து ஊரு முந்திரிவிளை முந்நூத்தி நாப்பதாம், அங்கதான் தூசி கூடுதலாம். அதனால ஆவி மெஷின் முந்திரிவிளைக்கு. நமக்குச் சுத்தமான காத்துன்னு ஒரு சர்டிபிகேட். சுகாதார ஆபீசரம்மா பன்னெண்டு மணிக்குக் கொண்டு வாராங்க."

அந்தப் பதினொண்ணு எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு சுயம்புலிங்கம். பஞ்சாயத்து ஆபீஸ் மாடியில இருக்குற அந்த அளக்குற மெஷினுக்கு அவருதான் காவல். கடிதாசியைக் கேட்ட பிறகுதான் அவருக்கே விஷயம் மண்டையில ஏறுச்சு. பக்கத்துல அவரு பொண்டாட்டி தங்கக்கனி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு மூச்சை இழுத்துக்கிட்டு இருந்தா. பன்னெண்டு மணிக்குள்ள உண்மையைச் சொல்லிறணும். ஆனா அது பொறந்ததுலேர்ந்து உண்மை பேசிப் பழகாத வாயி. திறந்தா முதல்ல புளுகுதான் வரும்.

"பதினொண்ணாம்லா!" முருங்கைத் தோட்டத்து லிங்கத்துரை கொதிச்சாரு. "நேத்து என் கண்ணுல விழுந்ததே பதினோரு கிலோ இருக்கும்வே!"

சொல்லிறலாம்னு சுயம்புலிங்கம் எந்திரிச்சாரு. தொண்டையைச் செருமினாரு.

"தூசியைப் பத்தி எங்கிட்ட கேளும்வே. முந்தாநாள் மாடியில நிக்கேன், காத்துல மண்ணு அப்படியே செவுரு மாதிரி நிக்குது. சட்டையைக் கழட்டி எங்க போடன்னு பாத்தேன். காத்துலேயே ஒரு ஆணியை அடிச்சு மாட்டிட்டேன்."

"ஆரம்பிச்சாச்சு" என்றாரு லிங்கத்துரை.

"கேளும்வே. திரும்பிப் பாக்கேன், சட்டையைக் காணும். காத்து நகந்துருச்சு, ஆணியும் சட்டையும் அதோட போயிருச்சு. பஸ் ஏறி முந்திரிவிளைக்குப் போயி, அங்கன தொங்கின சட்டையை எடுத்துக்கிட்டு வந்தேன். வெத்து உடம்போட பஸ்ஸுல போனவன் நான் ஒருத்தன்தான். கண்டக்டர் சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்கு."

இருமலுக்கு நடுவுல நாலு பேரு சிரிச்சாங்க. சுயம்புலிங்கம் செவுத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு. பதினொன்னரை. சொல்லுடா மடையா, இப்பயாவது சொல்லுன்னு மனசுக்குள்ள தன்னையே திட்டிக்கிட்டாரு. வாயைத் திறந்தாரு. ஆடு வந்துச்சு.

"அது கிடக்கட்டும். எங்க வெள்ளாடு அந்த மண்காத்து மேலேயே படியேறுத மாதிரி ஏறிப் போயி, பனை உச்சியில ஓலையைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. டக்குனு காத்து நின்னுபோச்சு. ஆடு மேலேயே மாட்டிக்கிச்சு."

"அதை யாருவே இறக்குனா?"

"நான்தான் ஏறினேன். ஏறின பொறவு எனக்கும் இறங்கத் தெரியலை. நானும் ஆடும் மூணு நாளு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். அடுத்த காத்து வந்துதான் ரெண்டு பேரையும் இறக்கிவிட்டுச்சு. ஆடு முதல்ல இறங்கிச்சு, அதுக்கு அறிவு ஜாஸ்தி."

"ஏங்க," தங்கக்கனி இழுப்புக்கு நடுவுல கேட்டா, "நம்மகிட்ட ஏதுங்க ஆடு?"

"நீ பேசாத, மூச்சு வாங்கும்" என்றவருக்கு அவ முகத்தைப் பாக்க முடியலை. உதடு வெளிறிப் போயிருந்துச்சு. இவ்வளவுக்கும் தான்தான் காரணம்னு நினைச்சதும் அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. அழுகையை மறைக்க இன்னொண்ணை எடுத்துவிட்டாரு.

"போன வாரம் ஒரு கொட்டாவி விட்டேன். வாயை மூடுததுக்குள்ள பாதித் தேரிக்காடு உள்ள போயிருச்சு. பட்டணத்துல எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்த டாக்டர் எந்திரிச்சு நின்னுட்டாரு. நெஞ்சுக்குள்ள ஒரு பனங்கன்னு, ரெண்டு முந்திரி மரம், நடுவுல ஒரு ஓணான். பட்டா யாரு பேருலன்னு கேக்காரு!"

"ஓணானை என்னவே செஞ்சீரு?"

"அது இறங்க மாட்டேங்கு. வெளிய ஒரே தூசியா இருக்காம்."

வராண்டாவே சிரிச்சு இருமுச்சு. அந்தச் சத்தத்துக்குள்ள வாசல்ல ஜீப் வந்து நின்னது. ஆபீசரம்மா கண்ணாடிச் சட்டம் போட்ட சர்டிபிகேட்டோட இறங்கினாங்க. சுயம்புலிங்கம் ஓடிப்போயி முன்னால நின்னு கையைக் கூப்பினாரு.

"அம்மா, அந்தப் பதினொண்ணு பொய்யி. மெஷினுல மண்ணு விழுந்து கெட்டுப்போகுமேன்னு நான்தான் போர்வையை நனைச்சுப் போர்த்தி வச்சேன். காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தண்ணி தெளிச்சேன். மூணு மாசமா அது காத்தையே பாக்கலைம்மா."

லிங்கத்துரை சிரிச்ச சிரிப்புல பெஞ்சு ஆடுச்சு.

"அம்மா, நம்பாதீங்க! இது எங்க ஊருப் புளுகன். ஆட்டைப் பனையில ஏத்தினதைக்கூட நம்பிறலாம். தூசி அளக்குற மெஷினுக்குத் தூசி படக்கூடாதுன்னு போர்த்துத மடையன் உலகத்துல இருப்பானா?"

"சத்தியமா நான் இருக்கேன்வே!" சுயம்புலிங்கம் கத்தினாரு. பொறந்ததுலேர்ந்து அவரு சொன்ன முதல் உண்மை அது. ஒருத்தரும் நம்பலை. ஆபீசரம்மாகூடச் சிரிச்சுக்கிட்டே சர்டிபிகேட்டை நீட்டினாங்க.

தங்கக்கனி செவுத்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சா.

"நான் நம்புதேன்மா. எங்க அக்கா கொடுத்த வெள்ளைப் போர்வையை மூணு மாசமாத் தேடுதேன். இவரு சொன்ன புளுகு எதையும் நான் இதுவரைக்கும் நம்புனதில்லை. ஆனா இது புளுகு இல்லை. இவ்வளவு பெரிய மடத்தனத்தைக் கற்பனையில உண்டாக்க இவருக்கு அறிவு பத்தாது."

எல்லாரும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயி மாடிக்கு ஏறினாங்க. வெள்ளைப் போர்வை செங்கல் நிறத்துல விறைச்சு நின்னுச்சு. ஆபீசரம்மா ரெண்டு விரலால அதைத் தூக்கின உடனே மெஷினுல எண்ணு ஓட ஆரம்பிச்சுது. ஐம்பது, நூத்தி எண்பது, முந்நூறு, நானூத்திப் பத்து. ஆபீசரம்மா சேலைத் தலைப்பால மூக்கைப் பொத்திக்கிட்டு, சர்டிபிகேட்டைப் பைக்குள்ள திரும்ப வச்சாங்க. "ரெண்டு ஊருக்கும் ஆவி மெஷின் வேணும்னு எழுதுதேன். உங்களுக்கு நாளைக்கே வரும்" என்றாங்க. தங்கக்கனி அப்படியே தரையில உக்காந்துட்டா. சுயம்புலிங்கத்துக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு.

ஆனா வாயி அதே வாயிதானே. போர்வையை உதறி எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாரு.

"பாத்தியளாவே! நானூத்திப் பத்தைப் பதினொண்ணாக்கின போர்வை! ஒரு பொட்டுத் தூசியை உள்ள விடலை. இதைக் கப்பல்ல ஏத்தினா வெளிநாட்டுக்காரன் வரிசையில நின்னு வாங்குவான்!"

தங்கக்கனி மூச்சை நிதானமா ஒரு தடவை இழுத்துக்கிட்டுச் சொன்னா:

"அதை மெஷினுக்குப் போர்த்தாம உங்க வாயிக்குப் போர்த்தியிருந்தா, உங்க நெஞ்சுக்குள்ள மண்ணும் போயிருக்காது, எங்க காதுக்குள்ள புளுகும் வந்திருக்காது."