மூன்றுக்கு இரண்டு, மொத்தம் எத்தனை?

கருவேலங்காட்டில் ஒரு சிறுத்தை இருந்தது. அதன் முன்னங்காலில் முள்ளம்பன்றியின் முள் ஒன்று ஆழமாக ஏறியிருந்தது. முள்ளம்பன்றியைத் தின்னப் போனவர் கதை வேறு எப்படி முடியும்? நொண்டிக் காலோடு அதனால் எதையும் விரட்டிப் பிடிக்க முடியவில்லை. பசி மட்டும் நொண்டாமல் தினமும் வந்துகொண்டிருந்தது.

"இப்படியே போனா தவளை பிடிச்சுத்தான் தின்னணும்," என்றது சிறுத்தை.

"ராசா வாயால அப்படிச் சொல்லலாமா?" என்றது நரி. நரிக்குச் சிறுத்தை மேல் பாசம் ஒன்றும் கிடையாது. அது தின்றுவிட்டுப் போடும் மிச்சத்தின் மேல்தான் பாசம். "நீங்க பாறை மேல ஏறி உக்காருங்க. கால மடிச்சு உள்ள வெச்சுக்கோங்க. மீதிய நான் பேசிக்கறேன்."

மறுநாள் நரி குளக்கரையில் கூட்டம் கூட்டியது. அந்தக் காட்டில் மான்களும் காட்டுப்பன்றிகளும்தான் அதிகம். மான்களுக்குக் கிளைக்கொம்பர் என்ற கிழட்டுப் புள்ளிமான் தலைவர். பன்றிகளுக்குத் தலைவர் இல்லை. யார் உரக்க உறுமுகிறாரோ அவர் பின்னால் மற்றவர்கள் போவார்கள்.

"மழைக்காலம் வந்தாச்சு," என்றது நரி. "அது முடியற வரைக்கும் ராசா குளத்துப் பக்கமே வரமாட்டார். நீங்க நிம்மதியாத் தண்ணி குடிக்கலாம், கிழங்கு தோண்டலாம். பதிலுக்கு, அவர் கேக்கறப்ப நீங்களே ஒருத்தர அனுப்பிடணும். அதுலயும் நியாயம் உண்டு. மான் மூணுக்குப் பன்றி ரெண்டு. முதல்ல ரெண்டு பன்றி, அப்புறம் மூணு மான்."

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால், "இதுகூடத் தெரியாதா?" என்று எல்லோரும் சிரிப்பார்கள். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. பேச்சில் தங்கள் இனத்தின் பெயர் வந்ததும், அதன் பக்கத்தில் என்ன எண் நிற்கிறதோ அதைக் கவ்விக்கொண்டு தலையை ஆட்டுவார்கள். பன்றிகள் இரண்டைக் கவ்வின. மான்கள் மூன்றைக் கவ்வின.

"மழை முழுக்க மூணே பேர்தானா? பரவாயில்லையே," என்றார் கிளைக்கொம்பர்.

"எங்களுக்கு ரெண்டுதான்," என்று பன்றிகள் பெருமையடித்துக்கொண்டன. போகப்போவது தான் இல்லை என்று ஒவ்வொருவரும் நினைத்ததால் சம்மதம் சுலபமாகக் கிடைத்தது.

இரண்டு பன்றிகள் போயின. மூன்று மான்கள் போயின. கணக்குத் தீர்ந்தது என்று மற்றவர்கள் குளத்துச் சேற்றில் ஆனந்தமாகப் புரண்டார்கள். அப்போது நரி மறுபடியும் வந்து நின்றது.

"அடுத்த பன்றி யாரு?"

"அதான் ரெண்டு அனுப்பியாச்சே?"

"அது முதல் அஞ்சு. இது அடுத்த அஞ்சு. மூணுக்கு ரெண்டுன்னு சொன்னதுல ஏதாவது மாறியிருக்கா? மாறியிருந்தா சொல்லுங்க."

எதுவும் மாறவில்லை. மேலே கேட்டால் சிரிப்பார்களே என்று பன்றிகள் தலையை ஆட்டின. இப்படியே இரண்டாவது ஐந்து போனது. மூன்றாவது ஐந்தும் போனது. ஆறு பன்றிகளும் ஒன்பது மான்களும் சிறுத்தையின் வயிற்றுக்குள் போயாயிற்று. பங்கில் ஒரு சின்னத் தவறுகூட இல்லை. அவ்வளவு ஒழுங்கான அநியாயத்தை அந்தக் காடு அதுவரை பார்த்ததில்லை.

மறுபடி பன்றிகளின் முறை வந்தது. நரி இந்த முறை முசுடி என்ற பன்றியின் கடைக்குட்டியைக் காட்டியது. பிறக்கும்போது முதுகில் இருந்த கோடுகள்கூட இன்னும் மறையாத குட்டி அது.

"ராசாவுக்குப் பல்லுவலி. இளசாக் கேக்கறார்," என்றது நரி.

முசுடி என்பது பட்டப்பெயர். யாரோடும் ஒத்துப்போகாததால் ஊரே வைத்தது. போன ஆறு பேரில் ஒருத்தி அவள் தங்கை. இப்போது குட்டியும் போகப்போகிறது என்றதும், யார் சிரித்தால் என்ன என்று நேரே பாறைக்குப் போனாள். வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்னால் போனார்கள்.

"இன்னும் எத்தனை பேரு?" என்று கேட்டாள் முசுடி.

"இதுகூடத் தெரியாதா? மூணுக்கு ரெண்டு," என்றது நரி. வழக்கப்படி எல்லோரும் சிரித்தார்கள்.

"மூணுக்கு ரெண்டுன்னா அஞ்சு பேரும் சாகலாம், அம்பது பேரும் சாகலாம். நான் பங்கக் கேக்கல, எண்ணிக்கையக் கேக்கறேன். மொத்தம் எத்தனைன்னு சொல்லு. இல்ல, பன்றி எத்தனைன்னாவது சொல்லு, மீதிய நான் கணக்குப் போட்டுக்கறேன். இன்னும் ஒரே ஒரு எண் வேணும்."

சிரிப்பு நின்றுவிட்டது. சிலர் முதல்முறையாக யோசித்தார்கள். அது முகத்தில் வலியாகத் தெரிந்தது.

சிறுத்தை கொட்டாவி விட்டது. "மொத்தம் இவ்வளவுன்னு நாம பேசவே இல்லையே. பேசினது பங்கு மட்டும்தான். அத நான் மீறினேனா?"

மொத்தம் இதன் வாயிலிருந்து வராது என்று முசுடிக்குப் புரிந்தது. அவள் கிளைக்கொம்பர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, எங்களவிட உங்க ஆளுங்கதான அதிகமாப் போறாங்க? மழை முடியறதுக்குள்ள எங்களவிட எத்தனை பேரு அதிகமாப் போவாங்கன்னு கேட்டுக்கிட்டீங்களா?"

கிளைக்கொம்பருக்கு மான்கள் சாவதுகூடப் பெரிதாகப் படவில்லை. பன்றிகள் குறைவாகச் சாவதுதான் பொறுக்கவில்லை. "ஆமா ராசா," என்று கொம்பை ஆட்டினார். "அதுக்கு ஒரு பதில் சொல்லுங்க. இல்லேன்னா நாங்க இன்னிக்கே மலைக்கு அந்தாண்ட போயிடறோம்."

சிறுத்தை மடித்து வைத்த காலைப் பார்த்துக்கொண்டது. மான்கள் கிளம்பிவிட்டால் இந்தக் காலோடு யாரைத் துரத்துவது? நரி அவசரமாக அதன் காதில் கிசுகிசுத்தது: "இதுவரைக்கும் மூணு அதிகம். அதையே சொல்லிடுங்க. சின்ன எண்ணு, கேக்க நல்லா இருக்கும்."

"அட, இதுக்கா கோபம்?" என்றது சிறுத்தை. "மழை முடிஞ்சு பாத்தா, பன்றியவிட மான் மூணே மூணுதான் அதிகமாப் போயிருக்கும். இது ராசாவோட வாக்கு."

"எல்லாரும் கேட்டீங்கல்ல?" என்றாள் முசுடி. "ஒரு அஞ்சு போனா மான் ஒண்ணு அதிகம். மூணு அதிகம்னா மூணு அஞ்சு. மொத்தம் பதினஞ்சு. ஒன்பது மானும் ஆறு பன்றியும் ஏற்கெனவே போயாச்சு. இனிமே யாரு போனாலும் ஒண்ணு பங்கு கெடும், இல்ல ராசா வாக்கு கெடும்."

சிறுத்தை நரியைப் பார்த்தது. "சரியா?"

நரி விரலை மடக்கி மடக்கி எண்ணியது. "கணக்கு... சரியாத்தான் வருது ராசா."

சிறுத்தை ஆத்திரத்தோடு பாறையிலிருந்து பாய்ந்தது. முள் ஏறிய கால் ஊன்ற முடியாமல் மடங்க, மூஞ்சி தரையில் மோத விழுந்தது. காலில் இருந்த முள்ளை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"இந்த நொண்டிக்கா நாம விருந்து வெச்சோம்?" என்றார் கிளைக்கொம்பர்.

கோரைப்பற்களை நீட்டிக்கொண்டு பன்றிகள் வரிசையாக முன்னால் வந்தன. சிறுத்தை பின்னாலேயே நகர்ந்து குகைக்குள் போய்விட்டது. முசுடி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு அழுதாள். இதே கேள்வியை முதல் நாள் குளக்கரையில் கேட்டிருந்தால் தங்கையும் உயிரோடு இருந்திருப்பாளே என்று நினைத்து அழுதாள்.

குகைக்குள் நரி ராசாவைத் தேற்றிக்கொண்டிருந்தது. "கவலப்படாதீங்க. நாளைக்கு முயலுங்ககிட்டப் பேசறேன். எலி நாலுக்கு முயல் ஒண்ணுன்னு வெச்சுக்கலாம்."

"அதுல நரி எத்தனை?" என்று கேட்டது சிறுத்தை.

"நரியா? நரி எதுக்கு ராசா? எந்தப் பங்குல?"

"பங்கு எதுக்கு? மொத்தமே ஒண்ணுதானே," என்றது சிறுத்தை. இதற்கு அது ஓட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. குகைக்கு ஒரே வாசல், அதில்தான் சிறுத்தை படுத்திருந்தது.

மொத்தம் எத்தனை என்று கேட்காமல் பங்குக்கு மட்டும் தலையாட்டினால், விடுபட்ட எண்ணை நம் தலைகளை வைத்துத்தான் நிரப்புவார்கள்.